அமெரிக்கக் கல்லூரி டைனிங் ஹாலில் சைவமாகச் சாப்பிட: புதிதாக வருபவர்களுக்கு

முதல் வருட மாணவராக அமெரிக்கா வந்து கல்லூரி விடுதியில் தங்கப்போகிறீர்கள், வீட்டில் சைவம் என்றால் இது உங்களுக்கானது. டைனிங் ஹாலில் பட்டினி கிடக்க நேராது. ரொட்டி, சீஸ் பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல் எந்நேரமும் இருக்கும். கஷ்டம் வருவது வேறு இரண்டு இடங்களில். ‘வெஜிடேரியன்’ என்று சீட்டு வைத்த பாத்திரத்திலேயே நாம் சைவம் என்று ஒப்புக்கொள்ளாத பொருள் இருக்கும். அதைவிட முன்னதாக, ஊரில் இருந்தபடியே அவசரமாக டிக் செய்த மீல் பிளானுக்கு (டைனிங் ஹால் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம்) ஒரு பருவம் முழுக்கப் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டையும் பட்டுத்தான் கற்க வேண்டும் என்பதில்லை. கீழே உள்ள வரிசையில் செய்துகொண்டு போனால் போதும்.

1. எது சாப்பிடுவீர்கள், எது மாட்டீர்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

இந்தியாவில் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டைகூட இல்லை என்று நம்பி எடுப்போம். அமெரிக்காவில் அப்படி அரசு கட்டாயமாக்கிய குறி எதுவும் கிடையாது. இங்கே வெஜிடேரியன் என்ற சொல்லுக்குள் முட்டையும் பாலும் அடங்கும். மீன் சாப்பிட்டுக்கொண்டே தன்னை வெஜிடேரியன் என்று சொல்லிக்கொள்கிறவர்களும் உண்டு. அதனால்தான் பரிமாறுகிறவர் உங்களிடம் “ஃபிஷ் ஓகே?” என்று நல்ல மனதோடுதான் கேட்பார்.

ஆகவே ‘நான் வெஜிடேரியன்’ என்ற ஒற்றைச் சொல் இங்கே போதாது. ஊரிலேயே உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். முட்டை கூடாதா? கேக்கிலும் பிஸ்கட்டிலும் கலந்த முட்டை பரவாயில்லையா? விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்? கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்த்த சீஸ்? இறைச்சி வாட்டிய அதே கல்லில் சுட்ட ரொட்டி? வெங்காயம், பூண்டு? எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பசியோடு வரிசையில் நின்று யோசிக்காமல் முன்னாலேயே தெளிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு அதைச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்: “ஐ டோன்ட் ஈட் மீட், சிக்கன், ஃபிஷ் ஆர் எக்ஸ். மில்க் அண்ட் சீஸ் ஆர் ஃபைன். நோ மீட் பிராத், நோ லார்ட், நோ ஜெலட்டின்.” பிராத் என்றால் எலும்புச் சாறு, லார்ட் என்றால் பன்றிக் கொழுப்பு. சிக்கனைத் தனியாகச் சொல்வதை விட்டுவிடாதீர்கள். ‘மீட்’ என்றால் மாடும் பன்றியும்தான் என்று எடுத்துக்கொள்கிற பலர் இருக்கிறார்கள்.

2. மீல் பிளானைத் தேர்ந்தெடுக்குமுன் கணக்குப் போடுங்கள்

விடுதி ஒப்பந்தத்தோடு சேர்ந்தே மீல் பிளான் படிவமும் பெரும்பாலும் மே முதல் ஜூலைக்குள் ஆன்லைனில் வந்துவிடும். விடுதியில் தங்கும் முதல் வருட இளநிலை மாணவர்களுக்குப் பல கல்லூரிகளில் ஏதாவது ஒரு பிளான் கட்டாயம். முதுநிலைக்கு வருகிறவர்களுக்கு அநேகமாகக் கட்டாயமில்லை. அவர்கள் முழு பிளான் எடுக்கவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. வேண்டுமானால் 25 அல்லது 50 சாப்பாடு கொண்ட சிறிய பிளாக் பிளான் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளான்கள் மூன்று வகை. அன்லிமிடெட் என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போகலாம். வாராந்திர பிளானில் வாரத்துக்கு 10 அல்லது 14 என்று எண்ணிக்கை இருக்கும். அந்த வாரத்தில் போகாத சாப்பாடு அந்த வாரத்தோடு போய்விடும். பிளாக் பிளானில் பருவம் முழுவதற்கும் ஒரே எண்ணிக்கை; எப்போது வேண்டுமானாலும் செலவழிக்கலாம். வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போவதை ‘ஸ்வைப்’ என்பார்கள். ஒரு ஸ்வைப் என்பது ஒரு சாப்பாடு. இதோடு ‘டைனிங் டாலர்’ என்று கொஞ்சம் பணமும் அட்டையில் ஏற்றித் தருவார்கள். வளாகத்துக் காபிக் கடை, சிறு அங்காடி போன்ற இடங்களில் அது செல்லும்.

கணக்கு இப்படி. ஒரு பருவம் ஏறக்குறைய 15 வாரம். பேச்சுக்கு ஒரு பிளான் 2,730 டாலர், வாரம் 14 சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 210 சாப்பாடு, ஒன்றுக்கு 13 டாலர். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் சிற்றுண்டியை விட்டு, வார இறுதியில் நண்பர்கள் அறையில் சமைத்துச் சாப்பிட்டு, உண்மையில் வாரம் 9 முறைதான் போகிறீர்கள் என்றால் 135 சாப்பாடு. அப்போது ஒன்றின் விலை 20 டாலரைத் தாண்டிவிடும். இத்தனைக்கும் தட்டில் இருப்பது சாதம், பீன்ஸ், கொஞ்சம் கீரை.

இதில் பலர் விழும் பள்ளம், ‘குறைந்தால் என்ன செய்வது’ என்ற பயத்தில் பெரிய பிளானாக எடுப்பது. பொதுவாகப் பிளானைக் கூட்டுவது பருவத்தின் நடுவிலும் எளிது. குறைப்பதற்குத்தான் கெடு இருக்கும், அதுவும் வகுப்பு தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரங்களோடு முடிந்துவிடும். எனவே உங்களுக்கு அனுமதித்ததில் மிகச் சிறியதை எடுங்கள். குறைப்பதற்கான கடைசித் தேதியைக் கல்லூரியின் டைனிங் பக்கத்தில் தேடி, விமானச் சீட்டுத் தேதிக்குப் பக்கத்திலேயே காலண்டரில் குறித்துவையுங்கள். பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் வசந்தப் பருவத்துக்குப் பிளான் தானாகவே தொடருமா, புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் வாழ்க்கைச் செலவு என்று ஒரு தொகை அச்சாகியிருக்கும். அது மதிப்பீடு மட்டுமே. அதில் சாப்பாடும் சேர்ந்திருப்பதால் மீல் பிளானுக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பிளான் கட்டணம் கல்விக் கட்டணக் கணக்கில் தனி வரியாக வந்து விழும். தாமதமாகக் கட்டினால் அபராதமும் சேரும்.

3. பிளானிலிருந்து விலக்கு கேட்பதாக இருந்தால்

பல கல்லூரிகளில் இதற்கென்றே ஒரு படிவம் உண்டு. மீல் பிளான் எக்ஸெம்ப்ஷன் அல்லது டயட்டரி அக்காமடேஷன் என்ற பெயரில் தேடுங்கள். அது இரண்டு வழியாகப் போகும்.

மருத்துவக் காரணம் என்றால் மாற்றுத்திறனாளி மாணவர் சேவை அலுவலகம் வழியாக. மருத்துவர் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதம் தேவை. அதில் நோயின் பெயர், எந்த உணவு ஆகாது, சாப்பிட்டால் என்ன ஆகும் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். வெறும் ‘இவர் சைவ உணவு உண்பவர்’ என்ற கடிதம் அங்கே செல்லாது. கோதுமைப் புரதம் ஆகாத செலியாக் நோய்க்கும் கடுமையான உணவு ஒவ்வாமைக்கும் இங்கே சட்ட வலு இருக்கிறது. 2012-ல் அமெரிக்க நீதித்துறை லெஸ்லி பல்கலைக்கழகத்தோடு செய்த உடன்பாடு, அவை இயலாமைச் சட்டத்தின் கீழ் வரலாம் என்பதைத் தெளிவாக்கியது. விருப்பத்தால் சைவமாக இருப்பதற்கு அந்த வலு கிடையாது.

சமயக் காரணம் என்றால் விண்ணப்பத்தோடு, சமயப் பெரியவர் ஒருவரின் கடிதம் கேட்கலாம். ஊர்க் கோயிலிலோ மடத்திலோ லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் வாங்கி வாருங்கள். இங்கே வந்தபின் அதற்கு அலைவது சிரமம். சில கல்லூரிகளில் சமய வாழ்வு அலுவலகம் என்று ஒன்று இருக்கும். அவர்களே உங்களுக்காக டைனிங் நிர்வாகத்திடம் பேசுவார்கள்.

முழு விலக்கு கிடைப்பது அபூர்வம். கல்லூரி முதலில் கேட்பது, ‘எங்கள் சமையலறையால் உங்களுக்குச் சமைத்துத் தர முடியுமா’ என்பதைத்தான். முடியும் என்று அவர்கள் சொல்லிவிட்டால் விலக்கு இல்லை. ஆகவே விலக்கோடு நிற்காமல், ‘அது இல்லையென்றால் சிறிய பிளானுக்கு மாற்றித் தாருங்கள்’ என்றும் அதே விண்ணப்பத்தில் எழுதுங்கள். இது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். முட்டையைத் தவிர்க்க எளிய வழி என்று ‘எனக்கு முட்டை அலர்ஜி’ என்று சொல்லிவிடாதீர்கள். அலர்ஜி என்ற சொல்லைக் கேட்டதும் சமையலறை நிற்கும். தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, மேலாளர் என்று பத்து நிமிடம் ஓடும். மறுநாள் நீங்கள் முட்டை சேர்த்த பிரவுனியை எடுப்பதை அதே ஆள் பார்த்தால், அடுத்து உண்மையான அலர்ஜியோடு வருகிறவரையும் அவர் சந்தேகமாகத்தான் பார்ப்பார். “ஐ டோன்ட் ஈட் எக்ஸ்” என்பதே போதும். காரணம் யாரும் கேட்க மாட்டார்கள்.

4. முதல் வாரத்தில் மூன்று வேலை

முதலாவது, மெனு. நெட்நியூட்ரிஷன், நியூட்ரிஸ்லைஸ், டைன் ஆன் கேம்பஸ் என்று கல்லூரிக்கு ஒரு இணையப் பக்கமோ செயலியோ இருக்கும். உங்கள் கல்லூரி எதைப் பயன்படுத்துகிறது என்று டைனிங் பக்கத்தில் போட்டிருக்கும். அன்றைய உணவைத் தட்டினால் சேர்மானப் பட்டியல் வரும். வடிகட்டியில் ‘வெஜிடேரியன்’ போடுவதைவிட, பாலும் முட்டையும்கூடச் சேராததைக் குறிக்கும் ‘வீகன்’ போடுங்கள். வளாகத்தில் ஒன்றுக்கு மேல் டைனிங் ஹால் இருந்தால் எதில் இன்று பருப்போ டோஃபுவோ இருக்கிறது என்று காலையிலேயே பார்த்து, அங்கே போய்விடலாம். சில இடங்களில் சைவத்துக்கென்றே தனி ஹால் உண்டு. வட டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2011-லேயே முழுக்க வீகன் டைனிங் ஹால் ஒன்றைத் திறந்தது. உங்கள் கல்லூரியில் கோஷர் சமையலறை இருந்தால் அதன் பால் பகுதியையும் பாருங்கள். யூத முறைப்படி அங்கே இறைச்சி நுழையாது. மீனும் முட்டையும் மட்டும் இருக்கலாம்.

இரண்டாவது, டயட்டீஷியன். டைனிங் துறையிலோ மாணவர் சுகாதார மையத்திலோ பதிவு பெற்ற உணவியலாளர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. மின்னஞ்சலில் நேரம் கேளுங்கள். முதலில் எழுதிவைத்த அந்த வாக்கியங்களை அப்படியே ஒட்டி அனுப்புங்கள். பருவம் தொடங்கும் வாரத்தில் அவருக்குக் கூட்டம் அதிகம், ஊரிலிருந்து கிளம்புமுன்பே எழுதிவிட்டால் நல்லது.

மூன்றாவது, செஃப். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் வடிந்ததும் போய், “கேன் ஐ டாக் டு த மேனேஜர் ஆர் த ஷெஃப்?” என்று கேளுங்கள். சாதத்தைத் தண்ணீரில் வேகவைக்கிறீர்களா, சிக்கன் ஸ்டாக்கிலா (கோழி எலும்புச் சாறு)? தினசரி சூப்பின் அடிப்படை எது? பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேருமா? வறுவலுக்கும் சிக்கனுக்கும் ஒரே எண்ணெயா? நீங்கள் பரிமாறும் வெஜ் பர்கர் எந்த நிறுவனத்துடையது? இந்த ஐந்தையும் கேட்டுவிட்டால் போதும். சமையல் முறை தினம் மாறுவதில்லை. ஒரே பேச்சில் பருவம் முழுவதற்கும் பதில் கிடைத்துவிடும்.

5. சீட்டில் உள்ள குறியைப் படிப்பது

பாத்திரத்துக்கு முன்னால் நிற்கும் சின்னச் சீட்டில் ‘வி’, ‘விஜி’ என்ற எழுத்துகளோ இலைப் படமோ இருக்கும். எது வீகன், எது வெஜிடேரியன் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஓரிடத்தில் ‘வி’ என்றால் வீகன், இன்னோரிடத்தில் வெஜிடேரியன். வாசலில் விளக்கப் பலகை இருக்கும், முதல் நாளே அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

முட்டை கூடாது என்பவர்களுக்கு எளிய விதி: வீகன் குறி உள்ளதை எடுத்து, பால், தயிர், சீஸை நீங்களே தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீகனில் முட்டை, ஜெலட்டின், ரென்னெட் எதுவும் வராது.

பலர் தவறாக நம்புவது ஒவ்வாமை வரியை. சட்டப்படி பாக்கெட் உணவில் காட்ட வேண்டிய முக்கிய ஒவ்வாமைப் பொருள்கள் ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, 2023 ஜனவரி 1 முதல் எள். டைனிங் ஹால் சீட்டுகளும் பெரும்பாலும் இதே பட்டியலைப் பின்பற்றும். இதில் மாடு, கோழி, பன்றி இல்லை என்பதைக் கவனியுங்கள். காய்கறி சூப் சீட்டில் ‘பால், கோதுமை’ என்று மட்டும் இருக்கும். உள்ளே கோழி எலும்புச் சாறு இருந்தாலும் அந்த வரியில் வராது. முட்டையையும் மீனையும் கண்டுபிடிக்க ஒவ்வாமை வரி உதவும். இறைச்சியைக் கண்டுபிடிக்க முழுச் சேர்மானப் பட்டியல் வேண்டும்.

கோஷர் முத்திரையை வைத்தும் சைவம் என்று முடிவு கட்டாதீர்கள். மீனிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்த ஜெலட்டினுக்கும் கோஷர் முத்திரை கிடைக்கும். ‘பரேவ்’ என்று இருந்தால் இறைச்சியும் பாலும் இல்லை என்றுதான் பொருள், முட்டையும் மீனும் இருக்கலாம்.

6. கவுன்டர் கவுன்டராக: எங்கே எது ஒளிந்திருக்கும்

சூப்தான் முதல் எதிரி. மினெஸ்ட்ரோனி என்று பெயர், தக்காளியும் பீன்ஸும் பாஸ்தாவும் மிதக்கும், அடியில் சிக்கன் ஸ்டாக். பிரெஞ்சு ஆனியன் சூப் வெங்காயமாகத்தான் தெரியும். வழக்கமான செய்முறையில் அது மாட்டெலும்புச் சாறு. மீசோ சூப்பில் மீன் துருவலில் எடுத்த தாஷி. வீகன் குறி இல்லாத சூப்பைத் தொடாமல் இருப்பதே நிம்மதி.

சாதத்தில் வெள்ளைச் சாதம் பெரும்பாலும் பாதுகாப்பு. மஞ்சளாக, மணமாக ‘பிலாஃப்’ என்று வைத்திருந்தால் ஸ்டாக்கில் வெந்திருக்கலாம், கேட்டே எடுங்கள். மெக்சிகன் சாதமும் அப்படியே. ரீஃப்ரைட் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு பழைய வழக்கம். பேக்ட் பீன்ஸில் பன்றித் துண்டு, பச்சை பீன்ஸ் பொரியலில் பேக்கன் என்ற பன்றி இறைச்சி, தெற்கு மாநிலங்களில் காலர்ட் கீரையில் பன்றிக் கால் எலும்பு. காய்தானே என்று எடுத்துவிடுவோம். காயில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். முழுதாக வேகவைத்த கறுப்பு பீன்ஸ், கொண்டைக்கடலையில் அநேகமாகப் பிரச்சினை இருக்காது.

கிரில்லில் வெஜ் பர்கரைக் கேட்டால், மாட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கும் அதே கல்லில் அதே கரண்டியால் திருப்பிப் போடுவார்கள். அது உங்களுக்கு ஆகாது என்றால், “குட் யூ குக் இட் ஆன் எ க்ளீன் பேன், வித் நியூ க்ளவ்ஸ், ப்ளீஸ்?” என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். வைத்த பிறகு சொன்னால் பயனில்லை. பல கிரில்களில் வெஜ் பர்கருக்கென்று சின்ன வாணலியோ ஃபாயில் தாளோ இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள். காத்திருப்பு ஐந்து முதல் எட்டு நிமிடம் கூடும். பர்கர் வில்லையிலும் எச்சரிக்கை தேவை. சில சைவ வில்லைகளில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துத்தான் பிடிப்பார்கள். இம்பாசிபிள், பியாண்ட் வில்லைகளில் முட்டை இல்லை. அவை இறைச்சி போலவே சிவந்து கசிவதால் பலருக்கு ஒவ்வாது, வேறு விஷயம்.

உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தான், எண்ணெய்தான் கேள்வி. சிக்கன் டெண்டர் பொரித்த தொட்டியிலேயே அதையும் பொரிப்பது சகஜம். மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் தன் வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருப்பதைச் சேர்மானப் பட்டியலிலேயே வெளியிட்டிருக்கிறது. டைனிங் டாலரோ கைக்காசோ கொடுத்து வளாகத்தைச் சுற்றியுள்ள துரித உணவுக் கடைகளில் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும்.

பீட்சாவில் கத்தியைப் பாருங்கள். இறைச்சி வில்லை போட்ட பெப்பரோனி பீட்சாவை வெட்டிய சக்கரக் கத்தி அப்படியே சீஸ் பீட்சா மேல் ஓடும். புதுத் தட்டு அடுப்பிலிருந்து வரும்போது வெட்டுமுன் கேட்டால் கத்தியைக் கழுவித் தருவார்கள். அமெரிக்க மொசரெல்லா, செடார் பெரும்பாலும் நுண்ணுயிர் நொதியில் உறையவைப்பவை. பார்மீசான் மேல்தான் சந்தேகம். ‘பார்மிஜானோ ரெஜ்ஜானோ’ என்ற பெயரில் வருவது கட்டாயமாகக் கன்றின் ரென்னெட்டில் செய்தது. காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக முட்டை இல்லை, புதிதாகப் பிசைந்த பாஸ்தாவிலும் எக் நூடுல்ஸிலும் உண்டு. வெள்ளை சாஸ் பெரும்பாலும் சரி, பார்மீசான் சேர்த்ததா என்று மட்டும் கேளுங்கள். சிவப்பு சாஸில் இறைச்சி கலந்தது, கலக்காதது என்று இரண்டு பாத்திரம் இருக்கும், கரண்டி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டிர்-ஃப்ரை கவுன்டரில் காயை நீங்களே எடுத்துக் கொடுப்பீர்கள், கண்ணெதிரே வதக்குவார்கள். நம்பிக்கையாக இருக்கும். ஆனால் சாஸ் வரிசையில் சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ், ஃபிஷ் சாஸ் இரண்டும் சோயா சாஸ் நிறத்திலேயே இருக்கும். தாய் கறி விழுதில் இறால், கிம்ச்சியில் மீன் சாஸ். சோயா சாஸ், இஞ்சி, மிளகாய் விழுது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வாணலியை முதலில் கழுவச் சொல்லுங்கள்.

சாலட் பார் உங்கள் வீடு போல. அங்கே கவனிக்க வேண்டியது இரண்டே. சீஸர் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி போன்ற ஆன்கோவி மீன் இருக்கும்; வூஸ்டர்ஷயர் சாஸிலும் அதேதான். இரண்டாவது, இடுக்கிகள் இடம் மாறும். சிக்கன் துண்டுக்கான இடுக்கி கொண்டைக்கடலையில் கிடக்கும். சாப்பாட்டு நேரம் தொடங்கிய முதல் பதினைந்து நிமிடத்துக்குள் போனால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

இனிப்பில் ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, அதை உருக்கிச் செய்த அரிசிப்பொரி கட்டி, சில தயிர்கள், சில சர்க்கரை பூசிய சீரியல்கள் எல்லாவற்றிலும் ஜெலட்டின் இருக்கும். ஃப்ராஸ்டட் மினி-வீட்ஸ் சீரியலில் இருக்கிறது என்பது பலருக்கு அதிர்ச்சி. பை மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். வெட்டிய பழமும் மென் ஐஸ்கிரீமும் எளிது, ஐஸ்கிரீமில் முட்டை மஞ்சள்கரு உண்டா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

7. வரிசையில் கேட்பது

‘இஸ் திஸ் வெஜிடேரியன்?’ என்று கேட்டால் சீட்டைப் பார்த்து ‘யெஸ்’ என்பார்கள். பரிமாறுகிறவர்களில் பலர் உங்களைப் போன்ற மாணவர்களே, சமைத்தவர்கள் அல்லர். பொருளைச் சொல்லிக் கேளுங்கள்: “டஸ் திஸ் ஹேவ் சிக்கன் ஸ்டாக்?” “இஸ் தேர் எக் இன் த பேட்டர்?” அவர்கள் தயங்கினால், “குட் யூ செக் வித் த கிச்சன்?” என்று சொல்லி ஒதுங்கி நில்லுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம். இதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கிறீர்கள்.

தவறுதலாக இறைச்சி வந்துவிட்டால் தட்டை அங்கேயே கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். அன்றிரவே தேதி, நேரம், கவுன்டர், சீட்டின் போட்டோவோடு டைனிங் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு பிளானைக் குறைக்க விண்ணப்பிக்கும்போது இந்த மின்னஞ்சல்கள்தாம் உங்கள் ஆவணம்.

8. சாதமும் ரொட்டியும் மட்டும் போதாது

முதல் பருவத்தில் சைவ மாணவர்களின் தட்டு மெல்ல மெல்ல பாஸ்தா, பீட்சா, வறுவல் என்று சுருங்கும். வயிறு நிறையும், மாலை நாலு மணிக்குத் தலை சுற்றும். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது அடிப்படை அளவு. 60 கிலோ உள்ளவருக்கு 48 கிராம். டைனிங் ஹால் பொருளிலேயே இதை எட்டலாம். காலை ஓட்ஸில் ஒரு கப் பால் (8 கிராம்), இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் (7). மதியம் சாலட் பாரில் அரை கப் கொண்டைக்கடலை (7), அரை கப் காட்டேஜ் சீஸ் (12). இரவு ஒரு கப் கறுப்பு பீன்ஸ் (15). மொத்தம் 49. சாதமும் ரொட்டியும் தருவது இதற்கு மேல்.

பி12 ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. ஒரு கப் பாலில் ஏறக்குறைய பாதி கிடைக்கும். பாலுக்குப் பதில் ஓட்ஸ் பால், பாதாம் பால் குடிப்பவர்கள், பி12 சேர்த்ததா என்று பெட்டியில் பாருங்கள். கீரை, பீன்ஸில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர சாலட் பாரில் இருக்கும் எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும்.

9. நேரமும் விடுமுறையும்

வார நாளில் மதியச் சாப்பாடு பதினொன்றரை முதல் இரண்டு வரை நன்றாக இருக்கும். இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் சூடான கவுன்டர்களைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள், சாலட்டும் பீட்சாவும்தான். வார இறுதியில் காலையும் மதியமும் சேர்ந்து ‘பிரஞ்ச்’ என்று ஒன்றாகிவிடும். ஆம்லெட், பேக்கன், முட்டை கலந்த பான்கேக் என்று முட்டை தொடாதவர்களுக்கு வாரத்திலேயே மோசமான வேளை அது. அதற்காகவே வெள்ளி இரவு ஒரு டப்பா சாதமும் பீன்ஸும் எடுத்துவைத்துக்கொள்ளலாம். பல ஹால்களில் திருப்பித் தரும் டப்பா கிடைக்கும், சிறு முன்பணம் கேட்கலாம். சொந்த டப்பாவில் எடுத்துப்போக அனுமதி அநேகமாக இல்லை.

நவம்பர் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், டிசம்பர் நடுவிலிருந்து மூன்று நான்கு வாரம் குளிர்கால விடுமுறை. இந்த நாள்களில் டைனிங் ஹால்கள் மூடியிருக்கும் அல்லது ஒன்று மட்டும் குறைந்த நேரம் திறக்கும். பிளான் கட்டணத்தில் இந்த நாள்கள் பெரும்பாலும் சேர்வதில்லை. ஊருக்குப் போகாதவர்கள் அக்டோபரிலேயே எந்த ஹால் திறக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

10. அறையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ரைஸ் குக்கரையும் ஹாட் பிளேட்டையும் பல விடுதிகள் தடை செய்துள்ளன. தீ அபாயப் பட்டியலில் இருப்பதை வைத்திருந்து பிடிபட்டால் பறிமுதல், அபராதம். ஊரிலிருந்து குக்கர் தூக்கி வருமுன் விடுதி ஒப்பந்தத்தின் மின்சாதனப் பக்கத்தைப் படியுங்கள். தளத்துக்கு ஒரு பொதுச் சமையலறை இருந்தால் அங்கே சமைக்கலாம், அப்போதும் சாதனத்தை அறையில் வைக்க அனுமதி வேண்டும்.

பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, ஊறுகாய் கொண்டு வரலாம். விமான நிலையச் சுங்கத்தில் உணவு இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், மறைத்தால்தான் அபராதம். அரிசி மட்டும் எடுத்து வராதீர்கள். தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு பயத்தால் இந்தியாவிலிருந்து பயணப் பெட்டியில் அரிசி அனுமதி இல்லை. கைக்கு அடக்கமான ஒரு சின்ன டப்பாவில் பருப்புப் பொடியைப் பையில் வைத்துக்கொண்டு டைனிங் ஹாலுக்குப் போனால், வெறும் வெள்ளைச் சாதமும் வெண்ணெயும் சாப்பாடாகிவிடும். சூடான சாதத்தை எடுத்து உடனே பிசைந்துவிடுங்கள். தட்டு சீக்கிரம் ஆறிவிடும்.

டைனிங் டாலர் மிச்சம் இருந்தால் மே மாதப் பருவ முடிவோடு பல கல்லூரிகளில் அழிந்துவிடும். தேர்வு வாரத்துக்கு முந்தைய வாரமே வளாக அங்காடிக்குப் போய் வேர்க்கடலை வெண்ணெய், ஓட்ஸ், டின் பீன்ஸ் என்று கெடாத பொருளாக மாற்றிக்கொள்ளுங்கள். கடைசி வாரம் அலமாரி காலியாகிவிடும். ரீஃப்ரைட் பீன்ஸ் டின் எடுத்தால் ‘வெஜிடேரியன்’ என்று முன்பக்கம் அச்சிட்டதை எடுங்கள். பக்கத்திலேயே அதே நிறத்தில் இருக்கும் ‘டிரெடிஷனல்’ டின்னில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம்.